பங்குக் கோவில் ஏடும் தகரச் சீட்டும்

மொன்றியலில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டில் வேலை பார்க்க விசா கேட்பவர் துணைத் தூதரகத்துக்குக் கொண்டுபோகும் கோப்பு, எந்த நாட்டுக்கானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கடவுச்சீட்டு, பிறப்புப் பத்திரம், பொலிஸ் நற்சான்று, படிப்புச் சான்றிதழ்கள், வேலை ஒப்பந்தம், மணமானவர் என்றால் விவாகப் பதிவு, தமிழிலோ சிங்களத்திலோ இருப்பவற்றுக்குச் சான்றுபெற்ற மொழிபெயர்ப்பு. வெளியிலிருந்து வேலைக்காகக் கியூபெக்குக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. 1991இல் ஒட்டாவாவும் கியூபெக்கும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், தற்காலிகத் தொழிலாளர் பலர் முதலில் மாகாணத்தின் ஏற்புச் சான்றிதழை வாங்கி, அதைக் காட்டித்தான் மத்திய அரசின் வேலை அனுமதியைப் பெறுகிறார்கள். பட்டியல் எல்லாருக்கும் பொது, ஆகவே நியாயமானது என்று தோன்றும். அதன் வரலாற்றைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. விண்ணப்பதாரரைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் இந்தப் பட்டியல், அவர் பிறந்த ஊரில் யார், எதற்காக, எந்த ஏட்டை வைத்திருந்தார்கள் என்பதையே பெரும்பாலும் சோதிக்கிறது. ஏடு வைக்காத அரசின் குறை, ஏட்டில் இல்லாத மனிதரின் தலையில் விழுகிறது.

இதற்கு முதல் சாட்சி மொன்றியல் நகரமே. பிரெஞ்சு மன்னர்கள் 1539இலேயே ஞானஸ்நானங்களைப் பதியும்படி பங்குக் குருக்களுக்கு ஆணையிட்டிருந்தார்கள். 1667இன் சட்டம் அந்த ஏடுகளை இரண்டு படிகளாக வைத்து, ஒன்றை நீதிமன்றத்தில் ஒப்படைக்கச் சொன்னது. அந்த வழக்கம் கடல் கடந்து புதிய பிரான்சுக்கும் வந்தது. 1642இல் வில்-மரி என்ற பெயரில் தோன்றிய குடியேற்றத்தில், தொடக்க ஆண்டுகளிலிருந்தே நோத்ர்-டாம் பங்கின் ஏடு இருக்கிறது. பிரித்தானியர் நாட்டைப் பிடித்த பிறகும் இந்த முறை கலையவில்லை. பங்குக் குரு எழுதிய ஞானஸ்நானப் பதிவே அரசின் பிறப்புப் பதிவாகச் செல்லுபடியானது. அரசு தனியாக எழுத்தர்களை வைத்துச் செலவழிக்காமலே முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குடிகளின் பிறப்பும் திருமணமும் இறப்பும் பதிவாகிக்கொண்டிருந்தன. 1994 சனவரி 1இல் கியூபெக்கின் புதிய குடியியல் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்து, குடிநிலைப் பதிவுப் பணிப்பாளர் என்ற ஒரே அலுவலகத்தின் கைக்கு இந்தப் பொறுப்பு மாறும்வரை இதுவே நிலை. ஒரு கியூபெக் விவசாயியின் மகன் 1900இல் தன் பிறப்பைச் சான்றோடு காட்ட முடிந்தது என்றால், அதில் அவனுடைய நேர்மைக்குப் பங்கில்லை. அவனுடைய ஊரில் ஒரு குருவானவர் மை தொட்டு எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், 2001இன் இறுதியில் கனடாவின் கடவுச்சீட்டு அலுவலகம், கியூபெக்கில் 1994க்கு முன் வழங்கப்பட்ட ஞானஸ்நானச் சான்றிதழ்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தது. தலைமுறை தலைமுறையாகச் செல்லுபடியான தாள், ஒரு அறிவிப்பில் வெறும் நினைவுப் பொருளானது. பிறந்தவர்களும் பிறந்த நாளும் மாறவில்லை, எந்த ஏட்டை நம்புவது என்ற அரசின் முடிவு மட்டுமே மாறியது.

தமிழர் பக்கம் எழுத்தே இல்லாமல் போய்விடவில்லை. யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் வசதியுள்ள வீடுகளில் பிள்ளை பிறந்த நாழிகையைக்கூடக் குறித்துச் சாதகம் எழுதிவைத்தார்கள். அவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தும் துணைத் தூதரகங்கள் பொதுவாக அதைத் தொடுவதில்லை. அரசாங்க ஏடுகளைப் பொறுத்தவரை, ஆண்டவர்களுக்கு எது தேவைப்பட்டதோ அதுவே எழுதப்பட்டது. ஒல்லாந்தர் இலங்கையில் தோம்புகள் என்ற பதிவேடுகளை எழுதினார்கள், காணித் தோம்பின் நோக்கம் வரி. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கும்பினியார் கட்டிய புனித மேரி தேவாலயம் 1680இலிருந்து பதிவேடு வைத்திருந்தது, அது தங்கள் ஆட்களுக்கானது. கோட்டைக்கு வெளியே கருப்பர் நகரத்தில் அதே ஆண்டு பிறந்த பிள்ளைக்கு அப்படியொரு ஏடு இல்லை. இலங்கையில் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் சட்டமானது. சென்னை மாகாணத்தில் 1899இல் ஒரு சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்கும் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1969இல் இயற்றப்பட்டுப் பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்த ஆண்டும், கிராமத்துத் திண்ணைவரை அது நடந்து வந்த ஆண்டும் வேறுவேறு. இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஆசிரியர் உத்தேசமாக எழுதிய தேதியே பலருக்குப் பிறந்த தேதியாயிற்று. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே பள்ளியிறுதித் தேர்வின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்தான் பிறப்புச் சான்றிதழ்.

ஆண்டவர்கள் தமக்குத் தேவையானதை எவ்வளவு கண்ணும் கருத்துமாக எழுதினார்கள் என்பதற்கு இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளரின் தாள்களே சான்று. இவற்றை அன்றைய வேலை விசாக்கள் என்று சொன்னாலும் தவறில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்துரை, ஆள் திரட்டும் கங்காணியிடம் சிறு தகர வில்லைகளைக் கொடுத்தனுப்புவார். மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும் தோட்டத்துக்கு ஓர் எண்ணும் அதில் பொறித்திருக்கும். திருச்சியில் இருந்த இலங்கைத் தொழிலாளர் ஆணைய அலுவலகமும், மண்டபம் முகாமும், இரயிலும் கப்பலும் அந்த வில்லையைப் பார்த்தே ஆளை அனுப்பிவைத்தன, செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறியது. ஆளின் பெயரை வில்லை சொல்லவில்லை. ஆள் போய்ச் சேரவேண்டிய இடத்தை மட்டும் சொன்னது. தோட்டத்துக்குள் போனபின் இன்னொரு தாள் இருந்தது, அதற்குத் துண்டு என்று பெயர். தொழிலாளிக்கு இருக்கும் கடன் எவ்வளவு என்பதை அது குறித்தது. அந்தக் கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கே அவன் மாறிப்போகலாம். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. பெயரையும் பிறப்பையும் எழுதச் சோம்பிய நிர்வாகம், கடனைச் சல்லிக்காசு பிசகாமல் எழுதியிருக்கிறது.

இதன் விளைவு ஒரு தலைமுறை கழித்துத் தெரிந்தது. சுதந்திர இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், இந்தத் தொழிலாளரின் வழிவந்த மலையகத் தமிழரிடம் தந்தை இலங்கையில் பிறந்ததற்கோ, தந்தைவழியில் இரண்டு தலைமுறை அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. 1949இன் சட்டம், குறிப்பிட்ட காலம் தொடர்ந்து வசித்ததற்குச் சான்று கேட்டது. சுமார் 8 லட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். இதற்கு அரசியல் காரணங்கள் உண்டு, அவற்றை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த அரசியல் தன் வேலையைச் செய்துகொள்ள எடுத்த கருவி ஆவணப் பட்டியல்தான். தேயிலைக் கொழுந்தை இறாத்தல் கணக்கில் நிறுத்தெழுதிய தோட்டங்களில் உழைத்தவர்களிடமே, நீ இங்கே இருந்ததற்கு எழுத்து எங்கே என்று கேட்டார்கள்.

கனடாவுக்கு வந்தால், நிறைவேற்றவே முடியாத ஆவணத்தைக் கேட்டு ஆளைத் தடுக்கும் கலைக்கு மொன்றியலோடும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1908இல் கனடா ஒரு விதி செய்தது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமையுள்ள நாட்டிலிருந்தோ நேரடிப் பயணமாக, அங்கேயே வாங்கிய முழுப் பயணச்சீட்டோடு வந்தவரை மட்டுமே இறங்க விடலாம் என்பது அதன் சாரம். இந்தியர் என்ற சொல் விதியில் இல்லை. இந்தியாவிலிருந்து அப்படி ஒரே பயணமாகச் சீட்டுத் தரக்கூடிய நிறுவனம், மொன்றியலின் வின்ட்சர் நிலையத்தில் தலைமையகம் வைத்திருந்த கனடிய பசிபிக் இரயில்வே. அந்தச் சீட்டை விற்கவேண்டாம் என்று அரசு அதனிடம் சொல்லிவிட்டது. விற்பனையில் இல்லாத சீட்டைச் சட்டம் கேட்டது. 1914 மே 23இல் 376 இந்தியப் பயணிகளோடு வன்கூவர் வந்த கோமகாட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் நங்கூரமிட்டு நின்று, பெரும்பாலோரோடு திரும்பிப் போனதற்கு இந்த விதி ஒரு முக்கியக் காரணம். விதி 1947வரை உயிரோடு இருந்தது. பட்டியல் எல்லாருக்கும் பொது என்ற வாதத்தை எடுப்பவர்கள் இந்த விதியின் வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

இன்றைய கோப்பின் வடிவம் முதல் உலகப்போருக்குப் பின் வந்தது. 1920இல் பாரிசில் கூடிய மாநாடு கடவுச்சீட்டுக்கு 32 பக்கப் புத்தக வடிவத்தைத் தந்தது. 1924இன் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம், கப்பல்துறையில் நடந்த சோதனையை ஆள் புறப்படும் ஊருக்கே, துணைத் தூதரின் மேசைக்கே கொண்டுபோனது. அதன் 7ஆம் பிரிவு, பிறப்புச் சான்றிதழில் சான்றளித்த இரண்டு படிகள், பொலிஸ் கோப்பு, சிறைப் பதிவு, இராணுவப் பதிவு, அரசு வைத்திருக்கும் ஏனைய பதிவுகள் என்று அடுக்குகிறது. இன்றைக்கு நாம் கட்டும் கோப்பின் மூதாதை அதுவே. அந்தப் பிரிவில் பலர் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. இவையெல்லாம் கிடைக்கக்கூடியதாக இருந்தால் மட்டுமே விண்ணப்பதாரர் தரவேண்டும் என்று அது சொல்கிறது. ஏடு எல்லா ஊரிலும் இருக்காது என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தச் சட்டம் ஆசியர்களுக்குப் பொதுவாகக் கதவை மூடிய சட்டம் என்பதால் அதன் தாராளத்தை மெச்ச வேண்டியதில்லை, ஆனாலும் இந்த நிபந்தனையை மறக்கக்கூடாது. 1935இலிருந்து, அமெரிக்காவுக்குள் முறையான விசா இல்லாமல் இருந்தவர்களை அங்கேயே முன்கூட்டிச் சோதித்து, மொன்றியல் போன்ற கனடிய நகரங்களின் அமெரிக்கத் துணைத் தூதரகங்களுக்கு அனுப்பி, முறையான விசாவோடு திரும்ப அழைத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. பயன்பெற்றவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர். வேண்டியவர்களுக்குத் தாளைத் தேடிக்கொடுக்கும் வழியையும் அரசே கண்டுபிடிக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. கனடாவில் அமெரிக்காவின் நிரந்தரக் குடிவரவு விசா வேலைகளை மொன்றியல் துணைத் தூதரகமே இன்றும் கவனிக்கிறது.

மொன்றியலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து அமைப்பின் தலைமையகம் 1940களிலிருந்து இங்கேதான். இயந்திரம் வாசிக்கும் கடவுச்சீட்டின் இலக்கணத்தை 1980இல் வெளியிட்டது அதுவே. கடவுச்சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளும், ஒவ்வொன்றிலும் 44 எழுத்திடங்களும், பெயருக்கு 39 இடங்களும் அங்கே தீர்மானிக்கப்பட்டவை. பெயரை முதன்மை அடையாளம், இரண்டாம் அடையாளம் என்று அது பிரித்தது, குடும்பப் பெயருள்ள சமூகங்களுக்கு அது சிக்கலில்லை. தலைமுறைக்குத் தலைமுறை தந்தையின் பெயரோ முதலெழுத்தோ மாறிவரும் தமிழ்ப் பெயருக்கு அது பொருந்தவில்லை. ஒரு பெயர் மட்டுமே உள்ளவருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்ற பொருளில் எஃப்.என்.யு. என்று அச்சாகிறது. பட்டச் சான்றிதழில் முதலெழுத்தோடும், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்தும், விவாகப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டலோடும் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுகிறார். கியூபெக்கில் 1981இலிருந்து மணமான பெண் பிறந்த பெயரையே சட்டப்படி பயன்படுத்த வேண்டும். ஊரில் எடுத்த கடவுச்சீட்டில் கணவர் பெயர் ஏறியிருந்தால் நான்காவது ஆளும் வந்து சேர்வார். பிறகு நான்கு பேரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. பொய்ப் பத்திரங்கள் உண்டு, ஆள் கடத்தும் முகவர்கள் உண்டு, அதிகாரி கண்டிப்பாக இல்லாவிட்டால் நேர்மையானவர்களே பாதிக்கப்படுவார்கள் என்பார்கள். பொய் உண்டு என்பதை மறுப்பது வீண். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 தமிழரும் இந்தியாவிலிருந்து வந்ததாகத்தான் முதலில் சொன்னார்கள், மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியது பிறகு வெளிவந்தது. ஆனால் பொய்த் தாளுக்கு மருந்து இன்னும் அதிகத் தாள் என்ற முடிவு வரலாற்றில் தேறவில்லை. சீனர்களை விலக்கிய சட்டங்களின் காலத்தில் அமெரிக்காவும் கனடாவும் தாளுக்கு மேல் தாள் கேட்டன. விளைவாகத் தாளில் மட்டும் மகனான ஆயிரக்கணக்கானோர் உருவானார்கள். இல்லாத மகனின் பத்திரம் விலைக்குக் கிடைத்தது, இருக்கும் மகனின் பத்திரம் கிடைக்கவில்லை. கடைசியில் கனடா 1960இல் மன்னிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்து, உண்மைப் பெயரைச் சொல்ல வருவோரை ஏற்க வேண்டியதாயிற்று. பொய்க்கோப்பு எப்போதும் முழுமையாக இருக்கும், அதை விற்பவருக்குப் பட்டியல் மனப்பாடம். ஓட்டையுள்ள கோப்பு பெரும்பாலும் உண்மையான மனிதருடையது.

அப்படியானால் தாளில்லாமல் எப்படித் தீர்மானிப்பது என்று கேட்கலாம். அதற்கும் கனடாவிலேயே பதில் இருக்கிறது. 1985 ஏப்ரல் 4இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அகதி கோருபவரின் நம்பகத்தன்மையைத் தீர்மானிக்கும்போது அவரை நேரில் பேசவிட்டுக் கேட்கவேண்டும் என்றது. வாய்ச்சொல்லும் குறுக்குவிசாரணையும் சாட்சியாயின. 1989இல் தொடங்கிய குடிவரவு, அகதிகள் சபையின் விசாரணைகள் மொன்றியலில் நடந்தது அந்த அடிப்படையில்தான், நகரத்துத் தமிழர் பலர் இந்நாட்டில் நிலைத்ததும் அதன் வழியேதான். 1993இல் மறுபடி கடுமை வந்து, அகதி என்று ஏற்கப்பட்டவரிடமும் நிரந்தர வதிவிடத்துக்கு அடையாளப் பத்திரம் கேட்டார்கள். சோமாலியரும் ஆப்கானியரும் அரசே இல்லாத நாட்டிலிருந்து எதைக் கொண்டுவருவார்கள்? 1997இல் அவர்களுக்கென ஒரு தனிப்பிரிவு ஏற்பட்டது, ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னார்கள். 2002இன் விதிகள், ஊரில் அவரை அறிந்தவர் கொடுக்கும் சத்தியப்பிரமாணத்தையே மாற்றுச் சான்றாக ஏற்றன. அகதிக்கு முடிந்தது வேலைக்காரருக்கு ஏன் முடியாது என்பதற்கு நல்ல காரணம் எதையும் நான் படித்ததில்லை. நாட்டுக்கு நாடு வழக்கத்தை அதிகாரி அறியமுடியாது என்பதும் சரியில்லை. எந்த நாட்டில் எந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அட்டவணையே வைத்திருக்கிறது. 1970க்கு முன் பிறந்த இந்தியரிடம் பள்ளிச் சான்றையும் உறவினர் சத்தியக்கடதாசியையும் ஏற்கும் வழக்கம் அதிலிருந்தே வந்தது.

ஆவணங்களே தொழிலாளியைக் காக்கின்றன என்ற வாதத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தில் உள்ள சம்பளம் வாய்ச்சொல்லைவிடப் பத்திரமானது. மறுபாதிக்கு, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிப்போட்ட துண்டே பதில். கனடாவில் இன்றும் ஒரே முதலாளியின் பெயரை எழுதித் தரும் வேலை அனுமதி உண்டு. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா 2023இல் கனடாவைப் பார்வையிட்டபின், இந்தத் தற்காலிகத் தொழிலாளர் முறை நவீன அடிமைத்தனத்துக்கு விளைநிலமாக இருக்கிறது என்றே சொன்னார். துன்புறுத்தலுக்கு ஆளானவர் முதலாளியை விட்டு வெளியேறத் திறந்த அனுமதி கேட்கும் வழி 2019இல்தான் வந்தது, அதற்கும் சான்றோடுதான் விண்ணப்பிக்க வேண்டும்.

துணைத் தூதரகங்கள் செய்யவேண்டியது புதியதொன்றும் இல்லை. 1924இன் சட்டத்தில் இருந்த நிபந்தனையைப் பட்டியலின் தலைப்பில் வைத்து, கிடைக்காத தாளுக்கு எது மாற்று என்பதை அதே பக்கத்தில் எழுதினால் போதும். அதுவரை நம் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டில் பிறப்பைப் பதியாத பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பிறந்ததை அறிந்த சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். இலங்கையில் அதற்குச் சத்தியக்கடதாசியோடு வழி இருக்கிறது, முடியாதபோது உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. இந்தியாவில் ஓராண்டு கடந்த பிறப்பை, 2023இன் திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட அல்லது உட்கோட்ட நிர்வாக நடுவரின் ஆணையோடு பதியலாம்.